நிதி ஸ்தாபன உத்தியோகம்: எதை நாடுவது?

பட்டப்படிப்பை முடித்த பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டு, அரசு வங்கியா, தனியார் வங்கியா, சென்னையில் இயங்கும் வெளிநாட்டு வங்கியின் அலுவலகமா என்று பெற்றோர் யோசிக்கும்போது, பேச்சு முதல் மாதச் சம்பளத்தில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுவதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். சம்பளம் அற்பமான விஷயமல்ல. ஆயினும் பணத்தைக் கையாளும் உத்தியோகத்தில் ஒருவருடைய பகற்பொழுது எப்படிக் கழியும், மேலதிகாரி மாலையில் எந்தக் கணக்கைக் கேட்பார், எதிரே அமர்ந்திருக்கும் வாடிக்கையாளரின் முகத்தைக் கூசாமல் நோக்க முடியுமா என்பவற்றையே முதலில் விசாரிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

1969 ஜூலை 19 அன்று பதினான்கு பெரிய வங்கிகள் தேசியமயமானதிலிருந்து நம் குடும்பங்களில் வங்கி வேலைக்கு ஏற்பட்ட கௌரவம் இன்றும் முற்றாகக் குறைந்துவிடவில்லை. 2024 மார்ச்சில் கையெழுத்தான ஊதிய உடன்படிக்கையின்படி அரசு வங்கியில் இளநிலை அதிகாரியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 48,480 ரூபாய். எழுத்தருக்கு 24,050 ரூபாய். பஞ்சப்படியும் வீட்டு வாடகைப்படியும் இவற்றின்மேல் சேரும். பழைய ஓய்வூதியம் 2010 ஏப்ரல் முதல் தேதியிலோ அதற்குப் பின்னரோ சேர்ந்தவர்களுக்குக் கிடையாது என்பதை மட்டும், தாத்தா காலத்து நினைப்பில் இருப்போர் தெரிந்துகொள்ள வேண்டும். அதிகாரியாகச் சேர்பவரைத் தேசத்தின் எந்த மூலைக்கும் மாற்றலாம். திருநெல்வேலியில் வயதான தாயாரை விட்டுவிட்டு பீகாரின் சிற்றூர்க் கிளையில் மொழி தெரியாமல் முதல் ஆண்டைக் கழிப்பது எல்லோராலும் இயலும் காரியமன்று. எழுத்தர் பெரும்பாலும் தாம் விண்ணப்பித்த மாநிலத்திலேயே இருப்பார். ஊரில் இருந்தாக வேண்டிய நிர்ப்பந்தம் உள்ளவர், எழுத்தர் பதவியைத் தாழ்வாக எண்ணாமல் அதில் சேர்ந்து, இந்திய வங்கியியல் நிதியியல் நிறுவனம் நடத்தும் தேர்வுகளை எழுதி ஊதிய உயர்வு பெற்று, பின்னர் பதவி உயர்வையும் நாடலாம்.

கிளையின் உள்ளே என்ன நடக்கிறதென்றால், நகைக்கடனுக்கு வந்த விவசாயியும், மகளிர் சுயஉதவிக் குழுவின் தலைவியும், ஓய்வூதியச் சான்றளிக்க வந்த முதியவரும் ஒரே வேளையில் ஒரே மேஜையின் முன் நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, மாலையில் ரொக்கக் கணக்கை ஒப்பிட்டு, பெட்டகத்தை இருவர் இரு சாவிகளால் பூட்டிய பிறகே வீடு திரும்ப வேண்டும். கடன் பத்திரத்தில் இட்ட கையெழுத்துக்குப் பல ஆண்டுகள் கழித்தும் விளக்கம் கேட்கப்படலாம் என்ற அச்சம் அதிகாரியின் மனத்தில் ஓயாமல் இருக்கும். இங்கும் காப்பீடு விற்கச் சொல்லும் நெருக்கடி இப்போது வந்துவிட்டது. எனினும் விற்காததற்காக உத்தியோகம் போய்விடுவதில்லை என்ற தைரியம், நேர்மையாக நடக்க விரும்புவோருக்கு மிகப் பெரிய துணையாகும்.

அந்தத் தைரியம் தனியார் வங்கியின் விற்பனைப் பிரிவில் குறைவு. எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், எழுபது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியையிடம், அவர் வைப்புத்தொகையாக வைக்க வந்த பணத்தைப் பத்தாண்டுக் காப்பீட்டுத் திட்டத்தில் போடச் செய்தார். அந்த மாத டார்கெட் நிறைவேறியது. மறு ஆண்டு தவணை கட்ட முடியாமல் அந்த அம்மையார் வங்கிக்கு வந்து அழுதபோது, இளைஞரும் அந்த வாரமே ராஜினாமாக் கடிதம் எழுதினார். சில தனியார் வங்கிகளில் ஆண்டுக்குச் சுமார் 25 சதவீதம் ஊழியர்கள் விலகுவதாக 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கியே கவலை தெரிவித்தது. ஆயினும் திறமையுள்ளவர் முப்பது வயதிலேயே ஒரு கிளையின் பொறுப்பை ஏற்க முடிவதும், தொழில்நுட்பம், பெருநிறுவனக் கடன் முதலிய துறைகளில் அரிய பயிற்சி கிடைப்பதும் அங்கேதான் என்பதை மறுக்க முடியாது. ஆகையால் நேர்காணலில் இரண்டு கேள்விகளைப் பணிவோடு கேட்க வேண்டும்: சொல்லப்படும் ஆண்டுச் சம்பளத்தில் நிலையான பங்கு எவ்வளவு? எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர் எத்தனை காலம் இருந்தார்?

நம்மூரிலேயே பிறந்த தனியார் வங்கிகளை இளைஞர்கள் போதிய சிரத்தையோடு நோக்குவதில்லை என்பது என் ஆதங்கம். கும்பகோணத்தில் 1904இல் தோன்றிய சிட்டி யூனியன், கரூரில் 1916இல் தோன்றிய வைசியா வங்கி, தூத்துக்குடியில் 1921இல் தோன்றிய மெர்க்கன்டைல் வங்கி ஆகியவற்றில் ஊர் வியாபாரிகளின் மூன்று தலைமுறைக் கணக்குகளை அறிந்த ஊழியர்கள் இருக்கிறார்கள். மனிதரை எடைபோட்டுக் கடன் கொடுக்கும் வித்தையை அவர்களிடம் கற்கலாம். பழமை மட்டுமே காப்பாகாது என்பதற்கு, 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டதே சாட்சி; அப்போது ஊழியர்களின் வேலை தொடர்ந்தது, பங்குதாரர்களின் முதல் முழுதும் போயிற்று. வாராக்கடன் எவ்வளவு என்பதை ஆண்டறிக்கையில் பார்த்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும்.

வாகனக் கடன் கொடுக்கும் பைனான்ஸ் கம்பெனிகளைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை: லாரி உரிமையாளரின் வீட்டு வாசலில் நின்று தவணை வசூலிக்கக் கூச்சமும் கோபமும் இல்லாதவருக்கு அது ஏற்றது.

வெளிநாட்டு வங்கிகளின் சென்னை அலுவலகங்கள் வேறு உலகம். ஸ்டான்டர்ட் சார்ட்டர்ட் 2001 முதலே தன் உலகக் கிளைகளின் கணக்கு வேலையை இங்கே செய்வித்து வருகிறது. லண்டன் விழித்திருக்கும் நேரத்தில் நாமும் விழித்திருக்க வேண்டும். கம்பெனி வண்டி நள்ளிரவில் வீட்டில் கொண்டுவந்து விடும். சனி, ஞாயிறு பெரும்பாலும் நம்முடையவை. வாடிக்கையாளர் எவரையும் காண வேண்டியதில்லையாதலால், மனிதரோடு பேசத் தயங்கும் இயல்பினருக்கு இது பெரிய சௌகரியம். ஆனால் ஒரு பெரிய காரியத்தின் சிறு துண்டையே, சந்தேகத்துக்குரிய பணமாற்றங்களைச் சோதிப்பதை மட்டுமோ இரு கணக்குகளை ஒத்துப்பார்ப்பதை மட்டுமோ, ஆண்டுக்கணக்கில் செய்து பழகியவர், அந்தத் துண்டு வேறு நகரத்துக்குப் பெயரும் நாளில் கையறு நிலைக்கு ஆளாகிறார். ஆகவே இங்கே சேர்பவர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டுப் பெற வேண்டும்.

எதில் சேருவதாக முடிவு செய்தாலும், நியமனக் கடிதத்தில் பயிற்சிக் காலத்துப் பிணைத்தொகை எவ்வளவு, விலக விரும்பினால் எத்தனை நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற இரு பகுதிகளை வாசித்த பின்பே கையெழுத்திடுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டிவிட்டு, உங்கள் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.