ரவையின் பரவலும் சோதனையின் பயனும்

துப்பாக்கியின் வன்மை அதிற் பெய்யும் மருந்தின் மிகுதியைப் பொறுத்தது என்பது பலர் கருத்து. பறவை வேட்டைக்குரிய ரவைத் துப்பாக்கிக்கு இக்கருத்து முற்றும் பொருந்தாது. குழலின் வாய்வழியே மருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கியைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இவ்வகையே பெருவழக்காயிருந்தது. பின்புறம் திறந்து தோட்டா இடும் துப்பாக்கி வந்தபோது, இரண்டனுள் எது சிறந்ததென்னும் வாதம் எழுந்தது. லண்டன் ‘தி பீல்டு’ பத்திரிகையார் 1858, 1859ஆம் ஆண்டுகளில் இருவகையினையும் பலரறியச் சுட்டுச் சோதித்தனர். இன்றும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழந்துப்பாக்கியை விரும்பிக் கையாள்வோர் தாளிற் சுட்டே அதன் இயல்பை அறிகின்றனர்.

கெட்டிக்கும் முறை வருமாறு: அடியிற் கருமருந்து, அதன்மேல் தடித்த அட்டைத் தக்கை, அடுத்துக் கம்பளித் தக்கை, பின்னர் ரவை, அஃது உருண்டு விழாதபடி மேலே மெல்லிய அட்டை. ஓர் இராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்று பொருந்தும் குழல் 12ஆம் எண் குழலாம். அதற்கு 1 அவுன்சு ரவையும், அதே குவளையால் அளந்த கருமருந்தும் நல்ல தொடக்கம். அம்மருந்தின் நிறை ஏறத்தாழ 70 கிரெயின்.

இனிச் சோதனை. 40 கெச தூரத்தில் நான்கடிச் சதுரத் தாளை நிறுத்திச் சுடுக. துளைகள் செறிந்த இடத்தை நடுவாக வைத்து, 30 அங்குல விட்டமுள்ள வட்டம் வரைந்து உள்ளிருப்பனவற்றை எண்ணுக. இங்கிலாந்தின் 6ஆம் எண் ரவை அவுன்சுக்கு ஏறத்தாழ 270. அவற்றுள் 108 வட்டத்துட் பட்டால் நூற்றுக்கு 40 ஆகும். வாய் குறுகாத நேர்க்குழலுக்கு இதுவே பொதுவளவு.

மருந்தை மிகுத்தால் யாது நிகழும்? மெல்லிய ஈய ரவைகள் விசையால் ஒன்றையொன்று நெருக்கி உருக்குலையும். உருக்குலைந்தவை காற்றால் தடையுண்டு விலகி ஓடும். குழலைவிட்டு வெளிப்பட்டதும் கனத்த தக்கை பின்னின்று மோதி எஞ்சியவற்றையும் சிதறடிக்கும். ஆதலின் மருந்தைச் சிறிது குறைத்தலும், ஆன்டிமனி கலந்த கடின ரவை இடுதலும், தக்கையை இலேசாக்குதலும் தகுந்த பரிகாரங்கள். ஆனால் ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. இரண்டை ஒருங்கே மாற்றியவன், பயன் எதனால் விளைந்ததென்று அறியான். ஒரு தாளைக் கொண்டு துணிதலும் தவறு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து முறையேனும் சுட்டு, இடையிடையே குழலைத் துடைத்துச் சராசரி காண்க.

இவற்றுடன் எச்சரிக்கையும் வேண்டும். அளவு செய்தவன் விதித்த எல்லையைக் கடவாதிருக்க வேண்டும். கருமருந்துக்கு மாறாகப் புகையில்லா மருந்தை இடலாகாது. தக்கை மருந்தைவிட்டு மேலெழுந்து இடைவெளி நேரின் குழல் வெடிக்கக்கூடும். இரட்டைக் குழலில் ஒன்றைச் சுட்ட அதிர்ச்சியால் மற்றதன் ரவை நகர்வதுண்டு. அதனைக் கோலிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது. கனல் தங்கியிருக்கக்கூடுமாதலால், மருந்துக் குடுவையிலிருந்து நேரே குழலிற் கொட்டலாகாது.

எண்ணிக்கையோடு சமபரவலும் நோக்கற்பாலது. தாளிற் காணும் வெற்றிடம் வெறும் வெள்ளையே. வயலிலோ அது ஓரிரு ரவை மட்டும் பட்டு, பிழைக்கவும் மாட்டாமல் சாகவும் மாட்டாமல் புதரிற் பதுங்கும் பறவையின் துன்பமாகும். 40 கெசத்தில் வெற்றிடம் மிகின் 30 கெசத்திற் சோதித்து, அதனையே தன் எல்லையாகக் கொள்வது கடன். எத்துணைத் தூரத்துக்கு அப்பாற் சுடலாகாது என்னும் அறிவே இச்சோதனையின் தலையாய பயன்.