மிதிவண்டிப் பந்தயமும் காற்றின் தடையும்

மும்பையிலிருந்து புனே செல்வோர் வாஷியில் தாணாக் கழியைப் பாலத்தின் மீது கடந்து, பன்வேல் வழியாகப் போர்காட் மலைப்பாதையை அடைவர். மும்பை–புனே மிதிவண்டிப் பந்தயத்தில் இம்மலையை முதலில் ஏறி முடிப்பவருக்குக் ‘காட்டாச்சா ராஜா’, அதாவது கணவாயின் அரசர், என்னும் பட்டம் உண்டு.

சமதளத்தில் வீரருக்கு முதன்மையான எதிரி காற்றே. அதன் தடை வேகத்தின் இருமடிக்கேற்பவும், அதனை வெல்லும் திறன் மும்மடிக்கேற்பவும் பெருகும். வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு திறன் வேண்டும். முன்னவரின் மறைவில் நெருங்கிச் செல்பவருக்கோ உழைப்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறையும். ஆதலால் கழிப் பாலத்திலேயே தனித்து முந்துபவர் கைதட்டல் பெறலாம். போர்காட்டில் அவருடைய கால்கள் தளரும்.

மலையில் வேகம் குன்றுவதால் மறைவின் பயனும் குன்றும். உடலும் வண்டியும் சேர்ந்த எடையை உயர்த்துவதே அங்கு வேலை. மெலிந்த வீரர் பிரிந்து முன்னேறுவர். 1903இல் தொடங்கிய பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தில் நாள்தோறும் எடுத்த நேரங்கள் கூட்டப்படுவதால், மலையில் இழந்த நிமிடங்களைச் சமதளத்தில் மீட்பது அரிது.