உயர் அழுத்தப் பிராணவாயுவும் தீராத உடல்வலியும்

கடலோரம் வாழும் காரைக்கால் மக்களுக்கு நீரின் அழுத்தம் புதியதன்று. பத்து மீட்டர் ஆழம் மூழ்குபவன்மீது கரையில் உள்ளதைப் போல் இருமடங்கு அழுத்தம் பதிகிறது. அந்த அழுத்தத்தையே மருந்தாக்க இயலுமா?

அடிப்படை விதி

நீர்மத்தில் கரையும் வாயுவின் அளவு அதன் அழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் அமையும் என்று வில்லியம் ஹென்றி 1803-இல் கண்டார். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கையில், 100 மி.லி. இரத்தத்தில் நேரடியாகக் கரைந்திருக்கும் பிராணவாயு ஏறத்தாழ 0.3 மி.லி.தான், எஞ்சியதை ஹீமோகுளோபின் சுமக்கிறது. மூடிய அறையில் மும்மடங்கு அழுத்தத்தில் தூய பிராணவாயுவைச் சுவாசித்தால் ஏறத்தாழ 6 மி.லி. கரைகிறது.

ஆயினும் அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. உயர் அழுத்தப் பிராணவாயு வலிப்பை உண்டாக்கும் என்று 1878-இல் எழுதியவர் பிரெஞ்சு அறிஞர் பால் பெர். காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. செவிப்பறைக் காயமும் தீ விபத்தும் பிற ஆபத்துகள்.

வலியின் இயல்பு

ஃபைப்ரோமயால்ஜியா என்பது உடலெங்கும் பரவிய வலி, களைப்பு, நிறைவற்ற உறக்கம் ஆகியவை சேர்ந்த நோய். பெண்களிடம் மிகுதியாகக் கண்டறியப்படுகிறது. இரத்தச் சோதனையிலும் எக்ஸ்ரேயிலும் குறை தெரியாது. அதனால் "எல்லாம் மனப்பிரமை" என்ற பழிச்சொல்லும் வலியோடு சேர்ந்துகொள்கிறது. மூளையும் தண்டுவடமும் வலிச் செய்தியைப் பெருக்கிக் காட்டுவதே காரணம் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஆகவே வலி மெய்யானதே.

சோதனையும் முடிவும்

2015-இல் வெளியான இஸ்ரேல் நாட்டு ஆய்வொன்றில் 60 பெண்கள் பங்கேற்றனர். இருமடங்கு அழுத்தத்தில், நாளுக்கு 90 நிமிடம், வாரம் ஐந்து நாள் என 40 முறை சிகிச்சை தரப்பட்டது. வலி குறைந்தது, மூளையின் செயற்பாட்டிலும் மாற்றம் தெரிந்தது. ஆனால் ஒப்பீட்டுக் குழுவினருக்குப் போலிச் சிகிச்சை அளிக்கப்படவில்லை. எனவே பலனில் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு, பிராணவாயுவின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய முடியவில்லை.

மூழ்குவோர் நோய்க்கும் கார்பன் மோனாக்சைடு நச்சுக்கும் இச்சிகிச்சை ஏற்கப்பட்டது; இவ்வலிக்கோ இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. செலவும் பெரிது.

முடிவுரை

ஐரோப்பிய வாதநோய் வல்லுநர்கள் 2017-இல் வெளியிட்ட பரிந்துரைகளில் உறுதியாக வலியுறுத்தியது ஒன்றே: உடற்பயிற்சி. அதைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். நம் கடற்கரையில் காலை நடைக்குக் கட்டணமில்லை. நகை விற்று அழுத்த அறையை நாடுமுன் இதை எண்ணிப் பார்த்தல் நன்று. வீட்டில் ஒருவர் "வலிக்கிறது" என்றால் அதை நம்புவதே நாம் செய்யத்தக்க முதல் உதவி.