மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியமும் வருமான வரிக் கழிவும்

நடுத்தர வருவாய்க் குடும்பம் ஒன்று பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளை ஓர் அறுவைச் சிகிச்சை சில நாட்களில் கரைத்துவிடக்கூடும். இவ்விடரைப் பலரிடையே பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடே மருத்துவக் காப்பீடு. நம் நாட்டில் பொதுத்துறையைச் சேர்ந்த நான்கு பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 1986ஆம் ஆண்டில் ‘மெடிகிளெய்ம்’ திட்டத்தைத் தொடங்கின. மக்கள் இதில் சேர ஊக்கமளிக்கும் பொருட்டு, அதே ஆண்டின் நிதிச் சட்டம் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80டி என்னும் பிரிவைச் சேர்த்தது. அச்சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியதான 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இச்சலுகை 126ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளது. எனினும் இச்சலுகையின் தன்மையைச் சரிவர அறியாமல் அதை இழப்போரும், கிடைக்காத சலுகையை எதிர்பார்த்து ஏமாறுவோரும் பலர்.

கழிவு வேறு, தள்ளுபடி வேறு

செலுத்திய பிரீமியம் முழுவதையும் அரசு திருப்பித் தருவதாகச் சிலர் கருதுகின்றனர். இது தவறு. பிரீமியத் தொகை வரியிலிருந்து அன்று, வரிக்குரிய வருமானத்திலிருந்தே கழிக்கப்படுகிறது. ஆகவே சலுகையின் மதிப்பு அவரவருக்குரிய வரி விகிதத்தைப் பொறுத்தது. பழைய வரி முறையில், ரூ.20,000 பிரீமியம் செலுத்தியவர் 30 விழுக்காட்டு விகிதத்துக்கு உட்பட்டவரானால் ரூ.6,000 மிச்சமாகும், 20 விழுக்காடானால் ரூ.4,000. வரிக்குரிய வருமானம் ரூ.5 லட்சத்துக்கு மேற்படாதவருக்கு வேறொரு விதியின்படி வரியே இல்லாததால், இக்கழிவினால் அவர் அடையும் பயன் ஏதுமில்லை.

யாருக்காக, எவ்வளவு?

வரி செலுத்துபவர் தமக்கும், தம் வாழ்க்கைத் துணைக்கும், தம்மைச் சார்ந்துள்ள மக்களுக்கும் செலுத்தும் பிரீமியத்துக்கு ஆண்டுக்கு ரூ.25,000 வரை கழிவு பெறலாம். பெற்றோருக்காகச் செலுத்துவதற்குத் தனியாக மற்றொரு ரூ.25,000 உண்டு, பெற்றோர் அவரைச் சார்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. காப்பீடு பெற்றவர் 60 வயது நிரம்பியவரானால் உரிய வரம்பு ரூ.50,000 ஆகும். உடன்பிறந்தோருக்கும், மாமனார் மாமியாருக்கும் செலுத்தும் பிரீமியம் இக்கணக்கில் சேராது.

நோய்த்தடுப்புப் பரிசோதனைக்கான செலவில் ரூ.5,000 வரை, மேற்கண்ட வரம்புக்குள்ளேயே, சேர்த்துக்கொள்ளலாம். மத்திய அரசு ஊழியர்கள் மத்திய அரசு சுகாதாரத் திட்டத்துக்குச் செலுத்தும் சந்தாவும் தம் குடும்பத்துக்குரிய வரம்பில் அடங்கும். பலரும் கவனியாத மற்றொரு விதியும் உண்டு. காப்பீடு இல்லாத மூத்த குடிமக்களுக்காகச் செய்யப்படும் மருத்துவச் செலவுக்கு ரூ.50,000 வரை கழிவு கிடைக்கும். முதுமையாலோ முன்பே உள்ள நோயாலோ காப்பீடு பெற இயலாத பெற்றோரைப் பேணுவோருக்கு இது பெரும் உதவியாகும்.

கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, பிரீமியத்தை ரொக்கமாகச் செலுத்தலாகாது. முகவரிடம் ரொக்கத்தைக் கொடுத்து ரசீது பெற்றவர், ரசீது இருந்தும் கழிவை இழப்பார். காசோலை, வங்கி அட்டை, மின்னணுப் பரிமாற்றம் ஆகிய வழிகளே ஏற்கப்படும். பரிசோதனைச் செலவுக்கு மட்டும் ரொக்கம் தடையன்று.

இரண்டாவதாக, பணம் செலுத்தியவருக்கே கழிவு உரியது. தந்தை தம் ஓய்வூதியத்திலிருந்து செலுத்திய பிரீமியத்துக்கு மகன் கழிவு கோர இயலாது. இருவரும் பகிர்ந்து செலுத்தினால், அவரவர் பங்குக்கு அவரவர் கோரலாம். நிறுவனம் தன் ஊழியர்களுக்காகச் செலுத்தும் குழுக்காப்பீட்டுப் பிரீமியத்துக்கும் ஊழியர் கழிவு கோருதல் முறையன்று.

மூன்றாவதாக, பல ஆண்டுகளுக்கான பிரீமியத்தை ஒரே தவணையில் செலுத்தினால், அத்தொகையை அந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பகிர்ந்தே கோர வேண்டும்.

அலுவலகத்தில் உரிய காலத்தில் விவரம் தராதவர், வருமான வரி விவர அறிக்கையில் கோரி, மிகுதியாகப் பிடித்தம் செய்யப்பட்ட வரியைத் திரும்பப் பெறலாம்.

எந்த முறை நன்று?

2023-24ஆம் நிதியாண்டு முதல் புதிய வரி முறையே இயல்பான முறையாக ஆக்கப்பட்டுள்ளது. அதில் இக்கழிவு இல்லை. பழைய முறையை விரும்புவோர் அறிக்கையை உரிய கெடுவுக்குள் அளித்துத் தெரிவு செய்தாக வேண்டும். கெடு தவறினால் கழிவும் போகும்.

2025-26ஆம் நிதியாண்டில் ரூ.9 லட்சம் ஊதியம் பெறும் 45 வயது அலுவலர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் தம் குடும்பத்துக்கு ரூ.22,000, 68 வயதுத் தாயாருக்கு ரூ.36,000, ஆக ரூ.58,000 பிரீமியம் செலுத்துகிறார். பழைய முறையில் நிலைக்கழிவு ரூ.50,000, சேமிப்புக்கான கழிவு ரூ.1,50,000 ஆகியவற்றுடன் இத்தொகையையும் கழித்தால், மேல்வரி உட்பட அவர் செலுத்தும் வரி ரூ.42,536. பிரீமியக் கழிவு இல்லையேல் ரூ.54,600. எனவே ரூ.12,064 மிச்சம். ஆனால் புதிய முறையில் அவருக்கு வரியே இல்லை! கழிவைப் பெற வேண்டும் என்பதற்காகவே பழைய முறையைப் பற்றி நிற்பது அவருக்கு நட்டமே. வீட்டு வாடகைப்படி, வீட்டுக்கடன் வட்டி போன்ற பிற கழிவுகளும் பெருமளவில் உள்ளவர்களே இரு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிவு செய்தல் வேண்டும்.

சலுகையும் சமநீதியும்

பொருளாதார நோக்கில் இக்கழிவுக்கு ஒரு குறை உண்டு. வருமானம் உயர உயரச் சலுகையும் உயர்கிறது; வரி வரம்புக்குக் கீழே உள்ள சிறு வணிகரும் கூலித் தொழிலாளரும் எதையும் பெறுவதில்லை. இக்குறையை ஈடுசெய்யும் திசையில் வேறு வழிகள் மேற்கொள்ளப்பட்டுள்ளன. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் வறிய குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வகை செய்தது; 2024இல் 70 வயது நிரம்பிய அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதான 18 விழுக்காட்டுச் சரக்கு சேவை வரி நீக்கப்பட்டது. இதன் பயன் வருமான வரி செலுத்தாதவருக்கும் உரியது.

வரிச் சலுகை காப்பீட்டுக்கு ஒரு தூண்டுகோலேயன்றி அதன் நோக்கமன்று. புதிய வரி முறைக்கு மாறியபின் கழிவு இல்லை என்று கருதிக் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விடுவோர், சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தப்போய்க் குடும்பத்தின் பாதுகாப்பையே இழக்கின்றனர். கணக்கிட வேண்டியது வரியை மட்டுமன்று. நோய் வந்தால் வீடு தாங்குமா என்பதையும்தான்.