சூடம் ஏற்றிச் செய்த சத்தியமும் பத்தாம் தேதியும்

குடியை விட்டவருக்கு ஹட்டன், நுவரெலியா தோட்ட லயக் குடியிருப்புகளில் கிடைக்கும் புத்திமதிகளில் பாதி தவறானவை. நல்ல மனதோடு சொல்லப்படுவதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

நம்பிக்கை: மாரியம்மன் முன் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்தால் வீடு நம்பிவிடும்.

உண்மை: அந்தச் சத்தியத்தை வீடு முன்பும் கேட்டிருக்கிறது. ஐயப்பனுக்கு மாலை போட்ட மண்டலம் முழுக்க ஒரு சொட்டும் தொடாமல், கழற்றிய இரவே தவறணைக்குப் போனவர்களை லயத்தில் எல்லாருக்கும் தெரியும். மனைவி கவனிப்பது பத்தாம் தேதிச் சம்பள நாளைத்தான். அன்று புருஷன் எத்தனை மணிக்கு வருகிறார்? சம்பளச் சிட்டையில் உள்ளதும் கையில் தருவதும் ஒன்றா? கடைக் கடன் குறைகிறதா? தோட்டங்களில் பெண்ணின் சம்பளத்தையும் புருஷனே வாங்கிக்கொண்ட வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஆகவே மன்னிப்புக் கேட்பதற்கு முன், அவள் சம்பளம் அவள் கைக்கே போகட்டும். தன் சிட்டையைக் கேட்காமலே காட்டட்டும். இதை மாதக்கணக்கில் செய்யவேண்டியிருக்கும், குறுக்குவழி கிடையாது.

நம்பிக்கை: விட்ட பிறகும் வாயை மோந்து பார்ப்பது அவமானம்.

உண்மை: அது பயத்தில் வந்த பழக்கம். கோபித்தால் சந்தேகம் கூடும். புருஷனின் சிடுசிடுப்புக்கும் காரணம் உண்டு: தூக்கக் கேடும் எரிச்சலும் குடியை விட்டபின் சில மாதங்கள்கூட நீடிக்கலாம். அதைப் பார்த்து ‘மறுபடி ஆரம்பிச்சிட்டான்’ என்று பக்கத்துக் காமிரா வீட்டார் தீர்ப்புச் சொல்வது தனித் தொல்லை.

நம்பிக்கை: ஒரு தரம் சறுக்கினால் எல்லாம் போச்சு.

உண்மை: சறுக்குவது பலருக்கும் நடக்கிறது. போயா தினத்தில் மதுக்கடைக்குப் பூட்டு விழும். கள்ளச்சாராயமான கசிப்புக்கு ஏது பூட்டு? சறுக்கிய அன்றே வீட்டில் சொல்லிவிடுபவரை நம்ப வழி இருக்கிறது, மறைப்பவரை நம்ப வழியில்லை. தன்மேல் நம்பிக்கை போனவருக்கு ஆயுள் சபதம் பெரிய பாரம். அமெரிக்காவில் 1935இல் தொடங்கிய அல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பினர் ‘இன்று ஒரு நாள்’ என்றே கணக்கு வைக்கிறார்கள். பெரட்டுக்குப் போய் அன்றைய வேலைக்குப் பேரைப் போடுகிறவருக்கு இந்தக் கணக்கு புரியும்.

நம்பிக்கை: ஆம்பிளை என்றால் ஒரே நாளில் நிறுத்தணும்.

உண்மை: இது ஆளையே கொல்லக்கூடியது. பல காலம் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வரலாம். கை நடுங்கத் தொடங்கியதும் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 எண்ணுக்கு அழையுங்கள்.