மனநோயும் மஹல்லாவின் கடமையும்



நம் தெருவில் ஒருவர் கால் ஒடிந்து படுத்துவிட்டால் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வீடு நிறைய ஆட்கள் வந்துவிடுகிறார்கள். ஒருவர் ஆரஞ்சுப் பழம் கொண்டு வருகிறார். ஒருவர் ஹார்லிக்ஸ் கொண்டு வருகிறார். துஆ கேட்டுவிட்டுப் போகிறார்கள். அதே தெருவில் ஒருவருக்கு மனம் பேதலித்துவிட்டது என்றால் ஒருவரும் வருவதில்லை. வீட்டாரும் யாரும் வருவதை விரும்புவதில்லை. ஜன்னலைச் சாத்திவிடுகிறார்கள். விசாரித்தால், "ஊருக்குப் போயிருக்கிறான்" என்கிறார்கள். நோயாளியைப் போய் நலம் விசாரிப்பது முஸ்லிமுக்கு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமை என்று மத்ரஸாவில் ஓதினோம். அதில் மனநோயாளிக்கு மட்டும் விலக்கு உண்டு என்று எந்த உஸ்தாதும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

இப்படி மறைப்பதால் என்ன கேடு வரும் என்பதை அறிய, நம் முன்னோரின் சீமையில் நடந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். பினாங்குத் தமிழ் முஸ்லிம்களில் பல குடும்பங்களுக்கு இராமநாதபுரம் மாவட்டமே பூர்வீகம். அம்மாவட்டத்தில் கீழக்கரைக்குப் பக்கத்தில் ஏர்வாடி இருக்கிறது. அங்கே அடங்கியிருக்கும் சுல்தான் சையிது இப்ராஹீம் ஷஹீது பாதுஷா அவர்களின் தர்காவுக்கு மனநோயாளிகளை அழைத்து வருவது நெடுநாள் வழக்கம். முஸ்லிம்கள் மட்டுமல்ல, எல்லாச் சமூகத்தாரும் வருவார்கள். கனவில் உத்தரவு வரும்வரை மாதக்கணக்காகத் தங்குவதும் உண்டு. இவர்களை வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லித் தர்காவைச் சுற்றிப் பல தனியார் விடுதிகள் தோன்றின. வீட்டார் நோயாளியை விட்டுவிட்டுப் பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஓடிவிடாதிருக்க நோயாளியின் காலில் சங்கிலி போட்டிருப்பார்கள்.

2001-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ம் தேதி விடியற்காலையில் அப்படிப்பட்ட ஒரு விடுதியின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஒரு வாரத்துக்குள் அத்தகைய விடுதிகளை அரசாங்கம் மூடிற்று. அவற்றிலிருந்த 500-க்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. சுப்ரீம் கோர்ட்டு தானாகவே இவ்விஷயத்தைக் கையில் எடுத்தது. விடுதி நடத்தியவர்களுக்கு 2007-ல் சிறைத்தண்டனை கிடைத்தது. மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று இந்தியாவின் 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துவிட்டது.

விடுதிக்காரர் சிறைக்குப் போனதோடு கணக்குத் தீர்ந்துவிட்டதா? அந்த 28 பேருக்கும் வீடு என்று ஒன்று இருந்திருக்கும். காலில் சங்கிலி விழுவதற்கு முன்பே ஊராரின் பேச்சு இத்தகைய வீடுகளைக் கட்டிப்போட்டு விடுகிறது. "தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராது", "கடைக்கு யாரும் வரமாட்டார்கள்" என்ற பயம் வந்தபின், கண்காணாத இடத்தில் நோயாளியை விட்டால் போதும் என்று தோன்றிவிடுகிறது. அந்தப் பேச்சைப் பேசியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

"துஆ கேட்பது தப்பா?" என்று சிலர் கேட்கக்கூடும். தப்பே இல்லை. நோயை இறக்கிய அல்லாஹ் அதற்கு மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி சொன்னவர்களும் அவர்களே. துஆவையும் மருந்தையும் ஒன்றுக்கொன்று பகையாக்கியது நாம்தான். குஜராத் மாநிலத்தில் உனாவா என்னும் ஊரிலுள்ள மீரா தாதார் தர்காவில் 2008-ல் "தவா, துஆ" என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். தவா என்றால் மருந்து. ஜியாரத்துக்கு வருபவர்களைத் தர்காவின் முஜாவிர்களே மனநோய் டாக்டரிடம் அனுப்பிவைத்தார்கள். அதே வழியில் ஏர்வாடியிலும் பிற்பாடு தர்காவை ஒட்டி அரசாங்க மனநல சிகிச்சை ஏற்பட்டது. அந்த ஏற்பாடு 2001-க்கு முன்பே வந்திருக்கக் கூடாதா என்றுதான் மனம் ஏங்குகிறது.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. 1284-ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய பெரிய ஆஸ்பத்திரியில் மனநோயாளிகளுக்கென்று தனிப்பகுதி இருந்தது. துருக்கியில் எதிர்னே நகரில் இரண்டாம் பாயஸீது சுல்தான் 1488-ல் அமைத்த ஆஸ்பத்திரியில் நீரோசையும் இன்னிசையும் கேட்கச் செய்து மனத்தை அமைதிப்படுத்தினார்கள். புத்தி தெளியும்வரை மனநோயாளியின் மீது மார்க்கக் கடமை இல்லை என்று ஷரீஅத் சொல்கிறது. புத்தி குறைந்தவரின் பொருளைப் பாதுகாத்து, அதிலிருந்தே அவருக்கு உணவும் உடையும் கொடுத்து, அவரிடம் நல்ல வார்த்தை பேசும்படி அன்னிஸா அத்தியாயம் கட்டளையிடுகிறது. நல்ல வார்த்தை என்பதைச் சோற்றோடும் துணியோடும் சேர்த்துச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள்.

நிற்க. மனநோய்க்கு டாக்டர் மருந்து எழுதித் தருகிறார். அது சில நிமிஷ வேலை. மீதி நேரம் முழுவதும் நோயாளியோடு இருப்பவர் தாதி. தாதித் தொண்டு நமக்கு அந்நியமல்ல. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஃது இப்னு முஆது (ரலி) அவர்களை ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரத்தில் வைத்துப் பராமரித்தார்கள். அந்தக் கூடாரம் மதீனாப் பள்ளிவாசலிலேயே இருந்தது.

மனநோய்த் தாதி என்ன செய்கிறார்? நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்கிறார். காதில் யாரோ பேசுவதாக நோயாளி சொன்னால், "பொய்" என்று அதட்டுவதில்லை. "ஆமாம், எனக்கும் கேட்கிறது" என்று ஒத்துப்பாடுவதுமில்லை. "எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உங்களுக்குப் பயமாயிருக்கிறது என்பது தெரிகிறது" என்று சொல்கிறார். தூக்கம், சாப்பாடு, குளியல், மருந்து எல்லாவற்றையும் ஒரு ஒழுங்கில் வைக்கிறார். தூக்கம் குறைந்தால் நோய் திரும்புகிறதோ என்று கவனிக்கிறார். நோயாளியோடு தாதி கொள்ளும் உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று அமெரிக்காவில் ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற தாதி 1952-லேயே நூல் எழுதினார். இங்கிலாந்தில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆராய்ச்சியாளர், ஆஸ்பத்திரியிலிருந்து குணமாகி வீடு திரும்பியவர்களைக் கவனித்தார். ஓயாமல் குறை சொல்லும் வீட்டுக்குப் போனவர்களுக்கு நோய் மறுபடி வருவது அதிகம் என்று அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் கண்டார்கள். ஆகவே நம் நாவும் மருந்துதான். சில நேரம் விஷமும்தான்.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில் 1911-ல் மனநோய் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. இன்று அதன் பெயர் ஹாஸ்பிட்டல் பஹாகியா. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. ஆனால் நம் ஜனங்கள் அந்த ஊர்ப் பெயரையே ஏச்சுச் சொல்லாக்கி விட்டார்கள். கடையில் வேடிக்கையாக, "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு" என்கிறோம். பக்கத்து மேஜையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பவருடைய மகன் அங்கே சிகிச்சையில் இருக்கலாம். அவர் அன்றோடு வாயை மூடிக்கொள்வார். நம் பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியிலோ 1950-களின் கடைசியிலேயே மனநோய்ப் பிரிவு வந்துவிட்டது. வழி பக்கத்தில் இருக்கிறது. போகத்தான் கால் கூசுகிறது.

இது நாலு வீட்டுச் சங்கதியும் அல்ல. 2019-ல் அரசாங்கம் எடுத்த கணக்கில் மலேசியாவில் பெரியவர்களில் சுமார் 5 லட்சம் பேர் மனச்சோர்வு உள்ளவர்கள். 2023-ம் ஆண்டுக் கணக்கில் அது சுமார் 10 லட்சமாயிற்று.

ஆகையால் நாம் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. ஒருவர் பல நாள் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் முதலில் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். ஹஜ்ரத்திடம் ஓதிப் பார்ப்பதும் அதனோடு நடக்கட்டும். ஓதிப் பார்க்கும் ஹஜ்ரத்மார்களும், "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் பல வீடுகள் பிழைக்கும்.

2. மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள். மனச்சோர்வு மருந்து வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும். நீரிழிவுக்காரர் "இன்றைக்கு நன்றாயிருக்கிறது" என்று மருந்தை விட்டால் என்ன ஆகும்? அதுபோல்தான் இதுவும்.

3. உயிரை மாய்த்துக்கொள்வதாக ஒருவர் பேசினால் அலட்சியம் செய்யாதீர்கள். அந்த எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அவரைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். போலீஸ் வழக்கு வரும் என்று அஞ்ச வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ம் பிரிவை 2023-ல் நீக்கிவிட்டார்கள். மனக்கஷ்டத்தில் பேச 15555 என்ற டெலிபோன் எண்ணைச் சுகாதார அமைச்சு 2022-ல் ஏற்படுத்தியிருக்கிறது.

4. பார்த்துக்கொள்ளும் தாய்க்கும் மனைவிக்கும் ஓய்வு கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஒரு வேளைச் சாப்பாடு அனுப்பலாம். கிளினிக்குக்குப் போகும் நாளில் கார் கொடுக்கலாம். சங்கத்தால் முடியாத காரியம் அல்ல.

5. குணமானவருக்கு வேலை கொடுங்கள். நம்மில் பெரும்பாலோர் வியாபாரிகள். அரை நாள் கல்லாவிலோ சரக்கறையிலோ ஒருவருக்கு இடம் இல்லாமற்போகாது. "என்ன தம்பி, நாளைக்கு நேரத்தோடு வந்துடு" என்று முதலாளி சொல்லும் ஒரு வார்த்தை, அவர் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கப் போதுமானது.

அடுத்த ஜும்ஆவுக்குள் நம் தெருவில் ஜன்னல் சாத்திய வீடு எது என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பாருங்கள். தெரிந்தால் கால் ஒடிந்தவர் வீட்டுக்குப் போவதுபோலவே பழம் வாங்கிக்கொண்டு போங்கள். என்ன நோய் என்று துருவிக் கேட்காதீர்கள். சிறிது நேரம் உட்கார்ந்து துஆ கேட்டுவிட்டு, "மறுபடியும் வருகிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி வாருங்கள். அல்லாஹ் நோயுற்ற அனைவருக்கும் ஷிபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.