பங்குனி ஆமையின் முதுகில் வாழும் நுண்பாசிகள்: சேகரித்துக் காணும் முறை

பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல் திட்டில், லைட்ஹவுஸ் குப்பம் முதலிய மீனவர் ஊர்களின் ஓரமாக, தை தொடங்கிப் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுவதும், இழுவலையில் சிக்கி மூச்சுவிட மேலே வர வழியின்றி மாண்டவை அலையோடு ஒதுங்குவதும் ஆண்டுதோறும் காணக்கூடியவையே. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் இப்படி ஒதுங்கியவை நூற்றுக்கணக்கானவை. அவற்றைக் குழி தோண்டிப் புதைத்துவிடுவது வழக்கம். ஆனால் அந்த ஓட்டின்மேல் வழவழவென்று படிந்திருக்கும் பழுப்புப் பூச்சில் டையட்டம் என்னும் ஒற்றைச் செல் பாசிகள் ஏராளமாக வாழ்கின்றன. கோஸ்டா ரிக்காவின் பசிபிக் கரைக்கு வந்த இதே இன ஆமைகளின் முதுகிலிருந்து கெலோனிகோலா, பௌலினியா என இரண்டு புதிய பேரினங்கள் 2015-இல் விவரிக்கப்பட்டதை எண்ணினால், புதைப்பதற்கு முன் கால் மணி நேரத்தை இப்பாசிகளைச் சேகரிக்க ஒதுக்குவது வீணாகாது என்பது விளங்கும்.

முதலில் அனுமதி. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற பிராணியாதலால், இறந்த ஆமையாயினும் அதைத் தொட வனத்துறையின் எழுத்து மூலமான சம்மதம் அவசியம். கல்லூரி ஆசிரியர் ஒருவரின் பொறுப்பில், பருவம் தொடங்குமுன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். முட்டையிட வந்த உயிருள்ள தாயாமையிடம் பிரஷோடு போவதை, எத்தனை உயர்ந்த ஆராய்ச்சியின் பெயரால் கேட்டாலும், நான் ஒப்பமாட்டேன். ஆமை ஒதுங்கியதை முதலில் அறிபவர்கள் விடியலில் கடலுக்குப் போகும் குப்பத்து அண்ணன்மார்களே. அவர்களிடம் முன்னதாகச் சொல்லிவைத்தால் செய்தி தானே வந்து சேரும்.

உடல் உப்பி, ஓட்டின் தகடுகள் உரியத் தொடங்கிய ஆமையால் பிரயோஜனமில்லை. தகடு கழன்றால் பாசியும் அதனோடு போய்விடும். புதிதாக ஒதுங்கியதைத் தேர்ந்து, முதுகின் நடுவரிசைக்கு இருபுறமும் உள்ள பக்கத்தகடுகளை எண்ணுக: ஐந்து ஜோடிக்கு மேலிருந்தால் பெரும்பாலும் பங்குனி ஆமைதான். கையுறை அணிந்து, வடிதாளில் வடிகட்டிய கடல்நீரை மெல்ல ஊற்றி ஒட்டிய மணலை மட்டும் போக்கிய பின், பத்து சென்டிமீட்டர் சதுரமாக நூல் கட்டிய சட்டத்தை ஓட்டின்மேல் வைத்து, அதற்குள்ளே புதிய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, அதே வடிகட்டிய நீரால் கழுவி, வழிவதைத் தட்டில் ஏந்திப் புட்டியில் சேர்க்க வேண்டும். ஓர் ஆமைக்கு உபயோகித்த பிரஷை இன்னொன்றுக்கு எடுக்கலாகாது.

இத்துடன் வேலை முடிந்ததென்று எண்ணுவோரே அதிகம். உண்மையில் கடினமான பகுதி இனித்தான். முகத்துவாரம் வழியே ஏரியின் சேற்றுப் பாசிகள் கடலோரத்துக்கு ஓயாமல் வந்து சேரும் இவ்விடத்தில், அலையில் புரண்டு கிடந்த ஆமையின் முதுகில் அதன் சொந்தக் குடிகளும், மணலிலிருந்தும் ஏரியிலிருந்தும் ஒட்டிக்கொண்ட விருந்தாளிகளும் கலந்தே கிடக்கும். ஆகவே, ஆமைக்கு அருகிலுள்ள ஈரமணல் ஒரு புட்டி, முகத்துவாரத்து நீர் ஒரு புட்டி, கடலில் நெடுநாள் கிடந்த வலைமிதவையொன்றின் சுரண்டல் ஒரு புட்டி என மூன்றையும் உடன் எடுக்க வேண்டும். மிதவையிலும் முதுகிலும் ஒன்றாகவே காண்பவை எப்பொருளிலும் பற்றிப் படர்பவை. முதுகில் மாத்திரம், அதுவும் பல ஆமைகளில் திரும்பத் திரும்பக் காண்பவையே கவனத்துக்குரியவை. நீரில் மிதக்கும் இனங்களை இனங்கண்டு விலக்க, சென்னைக் கடற்கரையின் மிதவை டையட்டங்களைப் பற்றி ஆர். சுப்பிரமணியன் 1946-இல் வெளியிட்ட விரிவான ஆய்வு இன்றும் கைகொடுக்கும்.

புட்டியில் பாதியை அன்றே, மருந்து எதுவும் சேர்க்காமல், மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடுக. பொன்பழுப்பு நிறப் பசுங்கணிகம் உள்ளே நிறைந்திருப்பது உயிரோடு இருந்த செல்; கண்ணாடிக் கூடாக வெறுமையாய்க் கிடப்பது எங்கிருந்தோ வந்ததாக இருக்கலாம். பசைபோன்ற காம்பொன்றை ஊன்றி நிற்பதைக் கண்டால் அதை உடனே வரைந்துகொள்க; பின்னர் செய்யும் சுத்திகரிப்பில் காம்பு அழிந்துபோகும், குடியிருப்புக்கான அந்தச் சாட்சியமும் அதனுடன் போய்விடும். மறுபாதியில் நீர் இளந்தேநீரின் நிறமடையும் வரை லூகால் அயோடின் கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து இருட்டில் வைக்கவும். தேதி, ஊர், ஆமையின் இனம், ஓட்டின் நீளம், ஓட்டில் சுரண்டிய இடம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டைப் புட்டிக்குள்ளேயே போடுக, மையெழுத்து கரைந்துவிடும்.

சுத்திகரிப்பைக் கல்லூரி ஆய்வகத்தில், புகை வெளியேற்றும் அறையில் மாத்திரமே செய்யலாம். காய்ச்சி வடித்த நீரால் பலமுறை கழுவி உப்பையும் அயோடினையும் நீக்கி, ஒவ்வொரு முறையும் ஓரிரவு அடியில் படியவிட்டு, செறிந்த ஹைட்ரஜன் பெராக்சைடில் சூடாக்கினால் உயிர்ப்பொருள் அழிந்து சிலிகாக் கூடுகள் தங்கும். அவற்றை மூடுகண்ணாடியில் உலர்த்தி, நாஃப்ராக்ஸ் போன்ற ஒளிவிலகல் மிகுந்த பிசினில் பதிப்பதே முறை. சாதாரணப் பிசினில் சிலிகாக் கூடு கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். பின்பு எண்ணெய் லென்ஸில், ஆயிரம் மடங்கு பெருக்கத்தில் கூட்டின் மேலுள்ள வரிகளை எண்ணலாம். ஆமை முதுகின் சிறிய இனங்களுக்கு அதுவும் போதாமல் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் துணை தேவைப்படலாம். அதற்கெனச் சுத்தம் செய்த மாதிரியில் ஒரு பகுதியைப் பதிக்காமல் தனியே நிறுத்திவைத்து, எஞ்சியதைப் பதித்த கண்ணாடித் தகடுகளின் பட்டியலை அனுமதி தந்த வன அலுவலகத்துக்கு அனுப்புக.